நோய் பணிமூப்பு பார்ப்பதில்லை

ஆசிரியர்களின் ஓய்வூதியம் பற்றிய பேச்சு பெரும்பாலும் வயதைச் சுற்றியே நடக்கிறது. பழைய திட்டமா புதிய திட்டமா, கடைசிச் சம்பளத்தில் பாதி கிடைக்குமா, ஓய்வு வயது எவ்வளவு என்று வாதாடுகிறோம். 38 வயதில் சிறுநீரகம் செயலிழந்தோ, மூளையில் கட்டி வந்தோ, இனி வகுப்பில் நிற்கவே முடியாது என்றாகிவிட்ட ஆசிரியருக்கு என்ன வழி என்பது அந்தப் பேச்சில் ஓரமாகக்கூட வருவதில்லை. விதிகளில் அவருக்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் இயலாமை ஓய்வூதியம். அலுவலகங்களில் ‘மெடிக்கல் இன்வேலிடேஷன்’ என்பார்கள். உடல்நலமோ மனநலமோ கெட்டு ஒருவர் நிரந்தரமாகப் பணியாற்ற இயலாதவர் ஆகிவிட்டார் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால், ஓய்வு வயது வரும் முன்பே ஓய்வூதியத்துடன் அவரை விடுவிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு நெடுங்காலம் உழைத்தவருக்கு அரசு தரும் வெகுமதி என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்டது. நோய் வந்தால் கைகொடுக்கும் காப்பீடாக அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கோளாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளைப் பாருங்கள். இயலாமை ஓய்வூதியம் பெற 10 ஆண்டுத் தகுதிப் பணி வேண்டும் என்பது நெடுங்காலம் அதில் இருந்த நிபந்தனை. எட்டாண்டு பணியாற்றிய ஒருவர் நோயால் வெளியேறினால், முடிந்த ஒவ்வோர் அரையாண்டுக்கும் அரை மாத ஊதியம் என்ற கணக்கில் எட்டு மாத ஊதியமும், ஓய்வுக்காலப் பணிக்கொடையாக இன்னும் நான்கு மாத ஊதியமும் கிடைக்கும். ஆகமொத்தம் ஓராண்டுச் சம்பளம். அதோடு கணக்கு முடிந்தது. அதே விதிகளில் குடும்ப ஓய்வூதியத்துக்கு ஓராண்டுப் பணியே போதும். அதாவது, எட்டாம் ஆண்டில் அவர் பணியில் இருக்கும்போது இறந்துபோனால் மனைவிக்கு மாதாமாதம் பணம் வரும். பிழைத்துப் படுத்த படுக்கையானால் அவருக்கும் இல்லை. அப்படி வெளியேறிப் பின்னர் இறந்தால் மனைவிக்கும் இல்லை. மருந்துச் செலவு உயிரோடு இருப்பவருக்குத்தானே! 2019 ஜனவரியில்தான் மத்திய அரசு விதியைத் திருத்தி, 10 ஆண்டு முடியாதவர்களுக்கும் இயலாமை ஓய்வூதியம் தரலாம் என்றது. பணியில் சேரும்போது உடல்தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனைகளில் ஒன்று. நியாயமான திருத்தம், நாற்பது ஆண்டுக்கு மேல் தாமதம்.

பங்களிப்புத் திட்டங்கள் வந்தபோது இதே பிழை வேறு வடிவில் திரும்பியது. தமிழக அரசு 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோருக்குக் கொண்டுவந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் மூல வடிவில் மாத ஓய்வூதியமே கிடையாது. சம்பளத்தில் 10 விழுக்காடு பிடித்தம், ஈடாக அரசின் பங்கு, அவற்றுக்கு வட்டி. வெளியேறும் நாளில் அந்தத் தொகை கைக்கு வரும். முப்பது ஆண்டு சேர்த்தவருக்கு அது ஓரளவுக்கு ஆகும், ஏழாண்டு சேர்த்தவருக்கு எம்மாத்திரம்? வாழ்நாளில் அதிக ஆண்டுகளை வருமானமின்றிக் கழிக்கப்போகிறவர் கையில் மிகக் குறைந்த தொகை வந்து சேர்கிறது. 2004 ஜனவரி 1 முதல் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறிய மத்திய அரசு இந்த ஓட்டையைக் கண்டுகொண்டது. 2009இல் தற்காலிகமாகவும், பிறகு 2021 விதிகள் மூலம் நிலையாகவும், பணியில் இறப்போ இயலாமையோ நேர்ந்தால் பழைய விதிகளின்படி பலன் பெறும் விருப்பத்தை ஊழியருக்கு அளித்தது. சந்தையையும் சேமிப்பையும் எவ்வளவு நம்பினாலும், நோய் விஷயத்தில் அவை போதா என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதற்குப் பொருள்.

எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதைவிட எத்தனை ஆண்டு உழைப்பை இழந்தார் என்று கணக்கிடும் முறையும் உலகத்தில் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆசிரியர்களின் ஓய்வூதியத் திட்டத்தில் நோய் ஓய்வுக்கு 2007 முதல் இரண்டு படிகள் உண்டு. இனிக் கற்பிக்க முடியாது, ஆனால் வேறு வேலை பார்க்கலாம் என்ற நிலையில் இருப்பவருக்கு, அதுவரை சேர்ந்த ஓய்வூதியம் முன்கூட்டியே எடுப்பதற்கான குறைப்பு ஏதுமின்றிக் கிடைக்கும். எந்த வேலையும் செய்ய முடியாதவருக்கு, ஓய்வு வயது வரை மீதமிருந்த காலத்தில் பாதியைப் பணியாற்றியதாகவே கருதிக் கூட்டிக் கொடுக்கிறார்கள். குணமாகிக் கற்பிக்கத் திரும்பினால் ஓய்வூதியம் நின்றுவிடும். அங்கும் குறை இல்லாமல் இல்லை. பணியில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்கு ஆண்டுச் சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு கிடைக்கும் என்பதால், நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஓய்வுக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு படிகளில் ஒரு நுட்பம் உண்டு: கற்பிக்க இயலாமை வேறு, எதுவுமே செய்ய இயலாமை வேறு. குரல்வளை அறுவைக்குப் பின் பேச முடியாதவர் கணக்கு எழுதலாம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை நடத்த முடியாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையைவிட்டு அனுப்பக்கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சொல்கிறதே, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைக்க வேண்டும் என்கிறதே, பிறகு ஓய்வூதியம் எதற்கு? வலுவான கேள்விதான். முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் இதே போன்ற பிரிவை வைத்து, காலை இழந்த காவலர் குணால் சிங்கின் வழக்கில், இயலாமை ஓய்வூதியம் கிடைக்கிறது என்பதைக் காட்டி இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. வேலை செய்ய விரும்புகிறவரை ஓய்வூதியத்தைக் காட்டி வெளியே தள்ளுவதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஊனத்துக்கானது. அதன் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் பார்க்கின்சன் இருக்கிறது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறது. புற்றுநோயும் சிறுநீரகச் செயலிழப்பும் பெயர் சொல்லி இல்லை. அதைவிட முக்கியம், மாற்றுப் பணி என்பது ஏதாவதொரு பணி செய்யக்கூடியவருக்குத்தான் உதவும். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டு சோர்ந்து கிடப்பவருக்கு அலுவலக நாற்காலியும் சுமையாகலாம்.

பொய்ச் சான்று வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள் என்பது அடுத்த அச்சம். சம்பளத்தைவிட ஓய்வூதியம் குறைவு. பதவி உயர்வும் இல்லை. உடல் திடமாக இருப்பவருக்கு இதில் லாபம் ஏதுமில்லை. சந்தேகம் வந்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனை வைக்கட்டும். செலவு கூடும் என்பது மெய்தான். ஆனால் இன்றைக்கும் செலவு ஆகாமல் இல்லை, கணக்கில் வராமல் போகிறது. தமிழக அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு என்றால், கோடை விடுமுறையைக் காரணம் காட்டி ஆசிரியர்களுக்கு 17 நாள்தான். அது தீர்ந்து, மருத்துவ விடுப்பும் தீர்ந்து, கடைசியில் ஊதியமில்லா விடுப்பில் பெயரளவுக்குப் பணியில் இருக்கிறார் நோயாளி. இடம் காலியாகாததால் வேறு நியமனமும் நடப்பதில்லை. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளியில் இதன் விலையைக் கொடுப்பவர்கள் பிள்ளைகள்.

மத்திய அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்திலும் உறுதியான தொகைக்கு 10 ஆண்டு, முழுப் பலனுக்கு 25 ஆண்டு என்ற வரம்புகள்தான் முன்னே நிற்கின்றன. மாநிலங்களும் தங்கள் திட்டங்களை மாற்றிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், ஆசிரியர் சங்கங்கள் 50 விழுக்காட்டைக் கேட்கும் அதே மனுவில், பணிக்கால வரம்பில்லாத நோய் ஓய்வூதியத்தையும், கற்பிக்க இயலாமையைத் தனியாக அளக்கும் மருத்துவக் குழுவையும் கேட்க வேண்டும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் மத்திய அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்று செய்யுங்கள்: இறப்பு, இயலாமைக்கான விருப்பப் படிவத்தைக் கொடுத்தாயிற்றா, அது உங்கள் பணிப்பதிவேட்டில் சேர்ந்திருக்கிறதா என்று உடல் நன்றாக இருக்கும்போதே அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.