பிள்ளையை முயலாக்கும் கார்ட்டூன்

கண்ணை முழுக்க மறைக்கும் விஆர் கருவி விளையாட்டுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். சில நிமிடங்களில் முடியும் கார்ட்டூன் கதைகளும் அதில் உண்டு.

அமெரிக்காவின் பாவோபாப் ஸ்டுடியோஸ் 2016-ல் வெளியிட்ட 'இன்வேஷன்!' அவற்றில் ஒன்று. இயக்கியவர் 'மடகாஸ்கர்' படங்களை இயக்கியவர்களில் ஒருவரான எரிக் டார்னெல். பனி உறைந்த ஏரி, ஒரு வெள்ளை முயல், பூமியைப் பிடிக்க வரும் இரண்டு வேற்றுக்கிரகவாசிகள். இவ்வளவுதான் கதை. ஆனால் குனிந்து பார்த்தால் நம் உடம்பும் முயலாக இருக்கும்! அந்த முயல் நம்மைத் தன் இனமாக எண்ணி அருகில் வரும்.

சினிமாவில் எதைப் பார்ப்பது என்பதைக் கேமரா தீர்மானிக்கும். இங்கே நம் தலை திரும்பும் பக்கமெல்லாம் காட்சி. முக்கியமான கட்டத்தில் பிள்ளை பின்னால் திரும்பிவிட்டால் கதை போச்சு. அதனால் ஒரு பக்கத்திலிருந்து ஓசை எழுப்பி, முயலையும் அங்கே பார்க்க வைத்து, நம் கவனத்தைத் திருப்புகிறார்கள். எம்மி விருது பெற்ற 'ஹென்றி' கதையில் வரும் முள்ளெலி நம் கண்ணையே நேராகப் பார்க்கும்.

பெற்றோர் யோசிக்க வேண்டியதும் இந்த நெருக்கத்தைத்தான். டிவியில் பயந்தால் பிள்ளை உடனே உம்மாவின் முகத்தைப் பார்க்கும். இதற்குள் உம்மா தெரியமாட்டார். மெட்டா குவெஸ்ட் கருவியை 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அந்நிறுவனமே சொல்கிறது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றாலும் கதையை முதலில் நீங்கள் பாருங்கள். பிறகு பிள்ளையை உட்கார வைத்துக் காட்டுங்கள். உள்ளே ஓடுவதை உங்கள் கைப்பேசியிலும் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது.