மகளுக்குச் சொல்லாதது, தாயிடம் கேளாதது

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களிலும் ஒரு பெண் பெரியபிள்ளையாகிவிட்டால் அச்செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அழைப்பிதழ் அச்சாகும், தாய்மாமன் சீர் வரும், லயத்து வாசலில் ஒலிபெருக்கி கட்டப்படும். ஆனால், தன் உடம்பில் நிகழ்ந்தது யாது, இனி நிகழக்கூடியது யாது என்பதை அந்தப் பிள்ளைக்கு மட்டும் எவரும் சொல்வதில்லை. "இனிமேல் ஆண்பிள்ளைகளோடு பேசாதே" என்ற ஒரே வாக்கியத்துடன் வீட்டுக் கல்வி முடிவடைகிறது. பாடசாலையில் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்னும் பாடம் இருக்கத்தான் செய்கிறது. இனப்பெருக்கம் பற்றிய பக்கங்கள் வரும் நாளில், "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

பெற்றோரின் அச்சம் நாம் அறியாததன்று. அறிவு புகுந்தால் ஒழுக்கம் போய்விடும் என எண்ணுகிறார்கள். மணமாகும் வரை தன்னடக்கம் வேண்டும் என்பது நல்ல அறிவுரையே. மாணவப் பருவத்தினருக்கு அதனை நாமும் சொல்வோம். ஆயினும் அறிவுரை வேறு, கல்வி வேறு. தன்னடக்கத்தை மட்டுமே போதித்த நான்கு திட்டங்களை அமெரிக்கக் காங்கிரசின் ஆணைப்படி ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். 2,000க்கு மேற்பட்ட இளையோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. அப்போதனையைப் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் நடத்தையில் வேறுபாடு காணப்படவில்லை. ஒரே போதனையைப் பன்முறை ஓதுவதால் பயன் விளைந்துவிடும் என்று நம்புவோர் இதனைச் சற்றுச் சிந்திப்பாராக.

தன்னடக்கக் கொள்கைக்கு நம்மவரிடையே பெருமை தந்தவர் காந்தியடிகள். 1927ஆம் ஆண்டு நவம்பரில் கண்டிக்கும் வந்து சென்றவர் அவர். 1935 டிசம்பரில் வார்தாவில் அமெரிக்க மாது மார்கரெட் சாங்கர் அவரைக் கண்டு கருத்தடைச் சாதனங்களுக்கு ஆதரவு வேண்டியபோது, அடிகள் இணங்கவில்லை. கணவனை மறுக்கும் துணிவை மனைவியர் பெறவேண்டும் என்பதே அவர் காட்டிய வழி. மறுக்கும் உரிமை மனைவிக்கு உண்டென்று அக்காலத்தில் சொன்னது சிறிய காரியமன்று. எனினும் மறுத்த பின் அவள் எங்கே போவாள் என்பதற்கு அதில் விடையில்லை. அதே காலப்பகுதியில் தமிழகத்தில் பெரியார் ஈ. வெ. ரா. வேறு விதமாக வாதித்தார். குடும்பப் பொருளாதாரத்துக்காகவோ உடல்நலத்துக்காகவோ அன்று, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார் அவர். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒற்றை அறை லயத்துக்குத் திரும்பும் தாயை எண்ணிப் பார்க்கும்போது, நமக்குப் பின்னவர் கூற்றே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

இலங்கையில் இத்துறையின் முன்னோடி, தமிழரை மணந்து இங்கு வாழ்ந்த கனடிய மருத்துவர் மேரி ரட்ணம் அம்மையார். 1937இல் கொழும்பில் அவர் திறந்த கருத்தடை நிலையம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. 1965இல் அரசாங்கமே குடும்பத் திட்டத்தைத் தன் கொள்கையாக ஏற்றது.

நிற்க. மலையகத்துக்கு இக்கொள்கை எந்த வடிவில் வந்து சேர்ந்தது? தெல்தோட்டை, கலஹா, புஸ்ஸல்லாவை முதலிய இடங்களின் தோட்டத்துப் பெண்களிடம் குடும்பத் திட்டம் என்றால் யாது என்று வினவினால், 'எல். ஆர். டி.' என்ற மூன்றெழுத்தே பெரும்பாலும் விடையாக வரும். கருக்குழாய்களைத் துண்டிக்கும் நிரந்தரச் சத்திரசிகிச்சை அது. 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதனைச் செய்துகொள்வோருக்கு அரசாங்கம் 100 ரூபா கொடுத்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அத்தொகை 500 ரூபாவாயிற்று. ஒரு கொழுந்துப் பெண்ணின் அன்றைய மாதக் கூலியைவிட இது அதிகம்! கடன் முட்டியிருக்கும் குடும்பத்தில் அத்தொகைக்கு மாமியாரும் கணவனும் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டங்களில் இச்சிகிச்சை மிகுந்திருந்ததை மக்கள் ஆய்வுகள் காட்டியுள்ளன. பிரசவ நாள் பறிபோவதும் பிள்ளைக் காம்பராவில் கூட்டம் சேர்வதும் தோட்ட நிருவாகத்துக்குச் செலவு என்பதையும் மறந்துவிடலாகாது.

சிகிச்சை தீயதென்று நாம் சொல்ல வரவில்லை. மனமொப்பிச் செய்துகொண்டு நிம்மதியாக வாழும் தாய்மார் ஆயிரமாயிரம் பேர். ஆனால் மாத்திரை, ஊசி, லூப் முதலிய தற்காலிக முறைகளும் உண்டென்று அறியாமல் ஒரு தாய் இட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்று எப்படிக் கொள்வது? மகளாக இருந்தபோது அவளுக்குச் சொல்லாமல் விட்டதன் விளைவு தாயான பின் தெரிகிறது.

சட்டத்தின் நிலையும் இதற்கு மாறானதன்று. தாயின் உயிரைக் காக்கும் பொருட்டு அன்றிக் கருவைக் கலைப்பது குற்றம் என்கிறது 1883ஆம் ஆண்டின் தண்டனைக் கோவை. வன்புணர்ச்சியால் உண்டான கருவுக்கேனும் விலக்களிக்க 1995இல் பாராளுமன்றத்தில் முயன்றனர். எதிர்ப்பு வலுக்கவே அப்பகுதி கைவிடப்பட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தால், பாலுறவுக்குப் பெண் இசையக்கூடிய வயது 12இலிருந்து 16ஆக உயர்ந்தது. கண்டிப் பாடசாலைகளில் பயிலும் நம் மகளிருள் எத்தனை பேர் இந்த வயதையாவது அறிவர்?

வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர் தற்காலிக முறைகளையும் விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டவர். அடுத்த முறை அவர் படியேறும்போது தாய்மார் தயங்காமல் கேட்கலாம். அருகில் மகள் உட்கார்ந்திருந்தால் எழுப்பி அனுப்ப வேண்டுவதில்லை.