சொல்லாமல் விற்ற குதிரை

ஒருவர் தம் குதிரையை ஏலத்தில் விடுகிறார். அது குறையுள்ள குதிரை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. "நல்ல குதிரை" என்று பொய்யும் கூறவில்லை. மற்றொருவர் ஏலம் கேட்டு, பணத்தைக் கொடுத்துக் குதிரையைப் பிடித்துச் செல்கிறார். அன்பு வாசகர்களே, விற்றவர் செய்தது மோசடியா, இல்லையா?

உங்கள் உள்ளம் இதற்குள் ஒரு விடையைச் சொல்லியிருக்கும். நம் நாட்டின் சட்டம் சொல்லும் விடை: மோசடி அன்று! இக்குதிரை நான் கற்பனை செய்ததன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், மோசடி எது என்று விளக்கும் 17-ஆவது பிரிவுக்கு அடியில், சட்டம் இயற்றியவர்களே கட்டி வைத்த குதிரை அது. இன்றளவும் அங்கேயே நிற்கிறது.

அப்பிரிவின்படி, பொய்யென்று அறிந்தே ஒன்றை மெய்போல் கூறுவது மோசடி. அறிந்த உண்மையை முனைந்து மூடி மறைப்பது மோசடி. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் வாக்களிப்பதும் மோசடி. ஆனால் வெறுமனே பேசாமல் இருப்பது, பொதுவாக, மோசடி ஆகாது. இதற்கு இரு விலக்குகள் உண்டு. பேசியே தீர வேண்டிய கடமை உள்ள இடத்தில் மௌனம் கூடாது. அக்குதிரையை வாங்குபவள், அப்போதுதான் பருவ வயதை எட்டிய தம் சொந்த மகளாக இருந்தால், தந்தை குறையைச் சொல்லியாக வேண்டும். அடுத்து, மௌனமே பேச்சாகிவிடும் இடம். "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை குறையற்றது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்லிய பிறகும் விற்பவர் வாய்மூடி நின்றால், அந்த மௌனம் பொய்க்குச் சமம்.

மகளிடம் வாய்மை, ஊராரிடம் மௌனம்! சட்டத்தைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. வாங்குபவர் தம் கண்களைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது ஆங்கிலேயரின் பழைய வணிக மரபு. அதன் சாயல் நம் சட்டத்திலும் படிந்தது. ஆனால் முஸ்லிம் வணிகர் ஒருவர், "சட்டப்படி நான் குற்றவாளி அல்லன்; நான் பொய் சொல்லவே இல்லையே!" என்று நெஞ்சு நிமிர்த்தும்போதுதான் நமக்குக் கவலை பிறக்கிறது.

மதீனத்துச் சந்தைக்கு வாருங்கள். தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனுள் தம் கரத்தை நுழைக்கிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. இது என்ன என்று வினவ, மழையில் நனைந்துவிட்டது என்கிறார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அறிவித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை நாம் எத்தனையோ ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். கேட்டும் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். மழை பெய்தது அந்த வணிகரின் பிழையன்று. "உலர்ந்த தானியம்" என்று அவர் கூவி விற்றதாகவும் அந்த ஹதீஸில் இல்லை. ஈரம் உள்ளே இருந்தது, அவர் சொல்லவில்லை. அவ்வளவே.

குதிரைக்கு ஈடாக ஓர் ஒட்டகமும் நம் நூல்களில் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்தெழுதும் செய்தி இது. ஒரு மனிதர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் வேறு கவனத்தில் இருந்துவிட்டார்கள். வாங்கியவர் ஒட்டகத்துடன் போனதைக் கண்டதும் பின்னால் ஓடிச்சென்று கூவி அழைத்து, "இதை இறைச்சிக்கு வாங்கினீரா, பயணத்துக்கு வாங்கினீரா?" என்று வினவினார்கள். பயணத்துக்கு என்றார் அவர். அதன் குளம்பில் துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்க இயலாது என்று உரைத்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைக்க நேர்ந்தது. "என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே!" என்று அவர் நொந்துகொண்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் தாம் அளித்த உறுதிமொழியை நினைவூட்டினார்கள் வாஸிலா (ரலி) அவர்கள்.

விற்றவரும் வாங்கியவரும் வேறு. வாஸிலா (ரலி) அவர்கள் வழியில் நின்ற மூன்றாமவர் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். குறையை அறிந்த அயலாருக்கும் அதைச் சொல்லும் கடமை உண்டு என்றே இமாம் நவவீ (ரஹ்) போன்ற ஃபிக்ஹு மேதைகள் எழுதியுள்ளனர். "நமக்கேன் வம்பு?" என்பது நம் ஊர்ப் பழக்கம்.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. சட்டத்தில் மோசடிக்கு ஏமாற்றும் எண்ணம் வேண்டும். 1889-இல் இலண்டன் பிரபுக்கள் சபை வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பு ஒன்று, பிளிமத் நகரத் டிராம் கம்பெனி பற்றியது. நீராவியால் வண்டி ஓட்டும் உரிமை தங்களுக்கு உண்டு என்று இயக்குநர்கள் அறிக்கை வெளியிட்டுப் பங்குகளை விற்றனர். அதற்கு வேண்டிய அரசு இசைவு பிறகு கிடைக்கவில்லை, கம்பெனி கவிழ்ந்தது. எனினும் அவர்கள் தாங்கள் சொன்னதை உண்மையென்றே நம்பியிருந்ததால் அது வஞ்சகம் ஆகாது என்று தீர்ப்பாயிற்று. ஷரீஅத்திலோ, குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமைக்கு விற்றவரின் எண்ணம் தடையில்லை. அவர் அறியாமல் விற்றிருந்தாலும் பொருளில் குறை முன்பே இருந்ததென்றால் வாங்கியவர் திருப்பலாம். அறிந்தே மறைத்திருந்தால் பாவம் தனிக்கணக்கு.

குதிரையும் ஒட்டகமும் இன்று நம்மிடையே கைமாறுவதில்லை. வீடு கைமாறுகிறது. நான் உங்களிடம் சொல்ல வந்ததும் அதைத்தான்.

ஒரு குடும்பத் தலைவர் மௌத்தாகிறார். மனைவி, இரு மகன்கள், ஒரு மகள். ஃபராயிள் கணக்குப்படி வீட்டை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. மகளுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, வெளியூரில் வாழ்கிறார். சில ஆண்டுகளில் தாயும் மகளும் ஒப்பமிடாமலேயே மகன்கள் இருவரும் வீட்டை 40 இலட்ச ரூபாய்க்கு விற்கின்றனர். பட்டா அவர்கள் பெயரில் இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழும் சுத்தமாக இருக்கிறது. எப்படி இல்லாமல் போகும்? தந்தை கண்மூடிய நொடியிலேயே மகளின் பங்கு அவளைச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பத்திரப் பதிவு வேண்டியதில்லை. எனவே பதிவேட்டில் தடயமும் இல்லை. பட்டாவோ உரிமையைப் படைக்கும் ஆவணம் அன்று. போட்ட நகையும் வாரிசுப் பங்கை அழித்துவிடாது.

இங்கே வாங்கியவருக்குச் சேர்ந்தது 28 பங்குதான். மீதி 12 பங்கு, அதாவது கொடுத்த 40 இலட்சத்தில் 12 இலட்சத்தின் மதிப்பு, தாய்க்கும் மகளுக்கும் உரியது. ஒரு வாரிசு மற்றொரு வாரிசின் பங்கை விற்க நம் தனியார் சட்டத்தில் இடமில்லை. நாளை அம்மகள் வழக்குத் தொடுத்தால், தன் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டியவர் நீதிமன்றப் படிகளில் நிற்பார். அவர் அரபு நாட்டு வெயிலில் உழைத்தவராகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் நம் நாட்டுச் சட்டமும் குதிரைக்காரரின் மௌனத்தைப் பொறுப்பதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவில், சொத்திலோ உரிமையிலோ தமக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமை மோசடியே என்றும் வரைகிறது. கசியும் சுவருக்கு, வீடு பார்க்க வருவோரை எண்ணி அவசரமாக வெள்ளையடிப்பதோ மௌனமே அன்று. அது முனைந்து மறைத்தல்.

"உள்ளது உள்ளபடி" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் தப்பலாமா? ஹனஃபி மத்ஹபில், எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் விற்பது செல்லும். ஆனால் தெரிந்த குறையை மறைத்த பாவம் நீங்காது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, அத்தகைய நிபந்தனை விற்பவர் அறியாத, பிராணிகளின் உட்புறக் குறைக்கு மட்டுமே காப்பளிக்கும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இருப்போர் இதைக் கவனிக்க.

வாங்குபவரும் சும்மா இருக்கலாகாது. சாதாரண முயற்சியால் உண்மையைக் கண்டறியும் வாய்ப்பு இருந்தும் விட்டுவிட்டவர், மற்றவரின் மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய இயலாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. எனவே வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். "வீட்டில் பெண் மக்கள் எத்தனை பேர்? எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது?" என்று அந்த மஹல்லாவில் விசாரியுங்கள். கேட்கப்படுபவர் நீங்களாக இருந்தால், வாஸிலா (ரலி) அவர்கள் ஓடியதுபோல் ஓட வேண்டியதில்லை. உள்ளதைச் சொன்னால் போதும்.

ஏமாந்துவிட்டால்? மோசடி தெரியவந்த நாளிலிருந்தோ, முயன்றால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோதான் காலவரையறை ஓடத் தொடங்கும். ஒப்பந்தத்தை ரத்துச் செய்யக் கோரும் வழக்குக்கு அது மூன்று ஆண்டுகள். வஞ்சித்தல் குற்றத்துக்கு, 1-7-2024 முதல் பழைய 420-ஆவது பிரிவின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு வந்திருக்கிறது. ஆனால் குறை தெரிந்த பிறகும் அப்பொருளைத் தமதாகவே பாவித்துக்கொண்டிருப்பவர், அதை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார்; ஃபிக்ஹிலும் சட்டத்திலும் இது ஒன்றுதான். குறை தெரிந்த அன்றே விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள், நகலொன்றைப் பத்திரத்துடன் சேர்த்து வையுங்கள்.