கடைவாய்ப் புண்ணும் வீட்டுப் பாலும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதி அங்கத்தினர் பலர், கடைவாய்ப் புண்ணை ‘உடற்சூடு’ என்று கருதி வாளாவிருக்கின்றனர். உதட்டின் இரு கோடிகளும் சிவந்து வெடித்து எரிவதே இந்நோய். குன்னூர் போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அய்க்ராய்டும் கிருஷ்ணனும், தென்னிந்தியரிடம் கண்ட இத்தகைய வாய்ப்புண்ணுக்கு ‘பி2’ வைட்டமின் குறைவே காரணம் என 1936-இல் எழுதினர். தீட்டிய அரிசியில் இச்சத்து மிகக் குறைவு.

எனினும் காரணம் அது ஒன்றே அன்று. இரும்புச் சத்துக் குறைவு, நீரிழிவு, பொருந்தாத பல்செட்டு, காளான் கிருமி ஆகியனவும் இதனை உண்டாக்கும்.

உதட்டை நாவால் நனைத்தல் கூடாது. எச்சில் ஊறி உலர்வதால் வெடிப்பு பெருகும். புண்ணை மெல்லத் துடைத்து உலர்த்தி, வாசலின் தடவுக. பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வைக்க. இரு வாரங்களில் ஆறாவிடில், அரசு மருத்துவமனையில் இரத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும். காளானாயின் அதற்குரிய களிம்பை மருத்துவர் தருவார்.

பால், தயிர், முட்டை, கீரை ஆகியவை பி2 சத்து நல்குவன. பாலை வெயிற்பட வைத்தால் அச்சத்து அழியும். கறந்த பால் முழுவதையும் சங்கத்தில் ஊற்றிவிட்டுக் குழந்தைக்கு வறட்டுக் காப்பி கொடுப்பது சிக்கனமாகாது. நாள்தோறும் ஒரு குவளைப் பாலை வீட்டில் நிறுத்திக்கொள்வதும் சேமிப்பே என்பதை அங்கத்தினர்கள் உணர்வார்களாக.