கல்நார் போன பின்னும் திறக்காத கதவு

ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் என்றதும் நமக்குக் கூரைதான் நினைவுக்கு வரும். பிரிட்டனின் பழைய பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அது கண்ணில் படாத இடங்களில் இருக்கிறது. கொதிகலன் குழாய்களுக்கு வெப்பக் காப்பாக, இரும்புத் தூண்களுக்குத் தீத்தடுப்புப் பூச்சாக, உட்கூரைப் பலகையாக. நீலக் கல்நாரையும் பழுப்பு வகையையும் 1985-இலும், வெள்ளையை 1999-இலும் அந்நாடு தடை செய்தது. அதற்கு முன் சுவருக்குள் போனதில் பெரும்பகுதி இன்னும் அங்கேயே கிடக்கிறது. நல்ல நிலையில் இருந்தால் அதைத் தொடாமல் கண்காணிப்பதுதான் அங்கே வழக்கம். உதிர ஆரம்பித்தால் சீர்செய்து மூடவோ அகற்றவோ வேண்டும். கட்டடத்தை இடிக்க வேண்டியிருந்தால் அகற்றியே ஆக வேண்டும்.

எளிதில் உதிரும் காப்பையும் பூச்சையும் பிரிக்க, உரிமம் பெற்ற நிறுவனம் வேண்டும். 14 நாட்களுக்கு முன்பே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தைத் தடித்த பாலிதீனால் முழுக்க மூடி, உள்ளிருக்கும் காற்றை நுண்வடிகட்டி வழியாக இடைவிடாமல் உறிஞ்சுகிறார்கள். அதனால் உறையில் சிறு கிழிசல் விழுந்தாலும் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். வேலைக்கு முன் உள்ளே புகையை நிரப்பி, எங்கே கசிகிறது என்று வெளியே நின்று பார்த்து அடைக்கிறார்கள்.

குழாய்க் காப்பை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. வரிசையாக ஊசிகளைச் செருகித் தண்ணீரை மெல்ல ஏற்றுகிறார்கள். பிசைந்த மாவுப் பதத்துக்கு வந்த பிறகே கத்தி வைக்கிறார்கள். பிரித்தது சிவப்புப் பைக்குள் போகும், அதன்மேல் உள்ளே இருப்பது தெரியும் இன்னொரு பை. முகக்கவசம் தோலோடு ஒட்டிப் பொருந்த வேண்டும் என்பதால் தொழிலாளி தினமும் மழித்துக்கொண்டுதான் வருவார். குளியலறையில் தலைமீது தண்ணீர் விழுந்த பிறகே கவசத்தைக் கழற்றுவார்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது இனிமேல் வருவதுதான். கடைசிப் பை வெளியேறினாலும் உறையைப் பிரிக்க முடியாது. பிரித்த நிறுவனத்தைச் சேராத ஆய்வாளர் ஒருவர் டார்ச்சுடன் உள்ளே போய், குழாயின் பின்புறம், போல்ட்டின் இடுக்கு என்று ஒவ்வோர் இடமாகப் பார்ப்பார். துளி தூசு இருந்தாலும் மறுபடி சுத்தம் செய்யச் சொல்வார். பிறகு பரப்புகளைத் துடைப்பத்தால் பெருக்கி, தங்கியிருப்பதை வேண்டுமென்றே கிளப்பிவிட்டு, காற்றை வடிதாள் வழியாக இழுப்பார். அந்தத் தாளை நுண்ணோக்கியில் வைத்து இழைகளை எண்ணுவார். ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 இழைக்கும் கீழே இருந்தால்தான் உறையைப் பிரிக்கலாம். பிரித்த பின் இடத்தை இன்னொரு முறை பார்த்துத்தான் சான்றிதழ். இந்த ஆய்வாளரைக் கட்டட உரிமையாளரே நேரடியாக அமர்த்துவது நல்லது என்கிறது அந்நாட்டு வழிகாட்டுதல். சரியான யோசனை. பிரித்தவரிடம் சம்பளம் வாங்குபவர் 'இன்னும் சுத்தமாகவில்லை' என்று சொல்வது எளிதல்ல.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம், இன்று மூச்சில் போன இழை புற்றுநோயாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதே. இருமலும் வலியும் உடனே வந்து எச்சரிக்காது.

இந்தியா வெள்ளைக் கல்நாரை இன்றும் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பகுதி சிமென்ட் ஷீட்டாகிறது. சிமென்ட்டில் இறுகிய இழை, பூச்சில் உள்ளதுபோல எளிதில் உதிராது. பிரிட்டனிலும் இதற்கு இத்தனை ஏற்பாடு வழக்கமில்லை. ஆனால் அறுத்தாலோ உடைத்தாலோ துளைத்தாலோ பறக்கும். பழைய கூரையைப் பிரிக்கும்போது சம்மட்டியால் அடித்துக் கீழே தள்ள வேண்டாம். ஷீட்டை நனைத்து, உரிய முகக்கவசத்தோடு ஆணிகளைக் கழற்றி, முழுசாக இறக்கி, பாலிதீனில் சுற்றிக் கட்டுங்கள். விழுந்த தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.