‘கேஸ்தான்’ என்று தள்ளிப்போடும் மாரடைப்பு

1964-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், இதயநோய் பற்றிப் பெண்களுக்காகவே ஒரு மாநாடு கூட்டினார்கள். அதன் பெயர் ‘இதயங்களும் கணவர்களும்’. கணவனின் இதயத்தை மனைவி எப்படிப் பேண வேண்டும் என்று சொல்லித் தரத்தான் அந்தக் கூட்டம்.

ஆராய்ச்சியும் வெகுகாலம் அதே வழியில் போனது. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று 22,071 அமெரிக்க மருத்துவர்களிடம் சோதித்து, 1989-இல் இறுதி முடிவை வெளியிட்டார்கள். அத்தனை பேரும் ஆண்கள். 39,876 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு வர 2005 ஆகிவிட்டது. ஆண்களுக்கு முதல் மாரடைப்பைக் குறைத்த அந்த மாத்திரை, பெண்களுக்கு மொத்தத்தில் குறைக்கவில்லை. (ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்பிரினை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அது வேறு கணக்கு.)

மாரடைப்பு ஆண்களின் நோய் என்ற எண்ணம் நம் வீடுகளிலும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் ஆட்டோ வருகிறது. அம்மாவுக்கு வலித்தால் ஓமத் தண்ணீர் வருகிறது.

வலி எப்படி இருக்கும்?

பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலியே வராது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. பெரும்பாலான பெண்களுக்கும் நெஞ்சில்தான் தெரியும். ஆனால் அதை ‘வலி’ என்று சொல்லாமல் அழுத்துது, பிடிக்குது, எரியுது, பாரமா இருக்கு என்பார்கள். அதோடு தாடை, கழுத்து, முதுகு, தோள்பட்டையில் வலி, குமட்டல், குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குதல், இன்னதென்று சொல்ல முடியாத அசதி ஆகியவை சேர்ந்து வருவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். இத்தனையையும் ஒரே மூச்சில் கேட்கிறவர், நெஞ்சை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். ‘கேஸ்’ என்று முடிவாகிறது. சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருந்தால் வலியே தெரியாமல் மூச்சிரைப்பு மட்டும் வரலாம்.

வாய்வா, மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் அது எடுக்கப்பட வேண்டும் என்பது மருத்துவ விதி. முதல் ஈ.சி.ஜி. நார்மல் என்றதும் கிளம்பிவிடவும் கூடாது. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும்.

அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்

ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது. அந்த நேரத்தில் நம் பெண்கள் செய்வதைப் பாருங்கள். சமையலை முடிக்கிறார்கள், பிள்ளை பள்ளியிலிருந்து வரட்டும் என்கிறார்கள், இரவானால் ‘எல்லாரையும் எழுப்ப வேண்டாம், விடியட்டும்’ என்கிறார்கள். பெண்கள் மருத்துவமனைக்குத் தாமதமாக வருவது பல நாடுகளில் பதிவான உண்மை. இதில் அந்தப் பெண்ணை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. தன் உடம்பைப் பற்றிப் பேசினால் வீட்டில் யார் காது கொடுக்கிறார்கள் என்பதை அவர் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்?

108-ஐ அழைப்பதே முதல் வேலை. பெரிய மருத்துவமனை தொலைவில் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது வீண் அல்ல. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் டோஸாக அங்கேயே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

பழைய பிரசவ ஃபைலைத் தேடுங்கள்

இதய மருத்துவரிடம் போகும் ஐம்பது வயதுப் பெண், முப்பது வருடத்துக்கு முந்தைய பிரசவத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மருத்துவரும் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். கர்ப்பம் என்பது இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் உடம்பு வைக்கும் பெரிய சோதனை. இருபதாவது வாரத்துக்குப் பிறகு பி.பி. ஏறி, சிறுநீரில் புரதம் போனவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிரசவத்தோடு பி.பி. இறங்கியதும் ‘சரியாகிவிட்டது’ என்று எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரையும் அப்படித்தான். சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் முயற்சியால், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற நடைமுறை 2007-இல் தமிழ்நாட்டில் வந்தது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. கண்டுபிடிப்பதில் முன்னே நிற்கிறோம். பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்ப்பதும், பிறகு ஆண்டுதோறும் பார்ப்பதும்தான் நழுவிப்போகிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளிலேயே தாய்க்கும் சர்க்கரையும் பி.பி.யும் பார்த்துவிட்டால் என்ன?

சர்க்கரை நோய் பெண்ணின் இதயத்தை ஆணின் இதயத்தைவிடக் கூடுதலாகத் தாக்குகிறது. மாதவிடாய் நிற்கும்வரை பெண்ணுக்கு இருக்கும் இயற்கைப் பாதுகாப்பும் சர்க்கரை வந்தால் பெருமளவு போய்விடுகிறது. நாற்பது வயதுக்குள் மாதவிடாய் நின்றவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், விறகடுப்புப் புகையில் காலம் கழித்தவர்கள் ஆகியோரும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆஞ்சியோ நார்மல் என்றால்?

இங்கேதான் பல பெண்கள் மறுபடி கைவிடப்படுகிறார்கள். பெரிய குழாய்களில் அடைப்பு இல்லை என்றதும் ‘மனக்கவலை’ என்று எழுதி அனுப்பிவிடுவது நடக்கிறது. ஆனால் ஆஞ்சியோவில் தெரியாத மிகச் சிறிய நாளங்கள் சரியாக விரியாமல் போனாலும் இதயத் தசைக்கு ரத்தம் பற்றாது. இது பெண்களிடம் அதிகம். இன்னொன்று, கொழுப்புப் படிவே இல்லாமல் நாளத்தின் உட்சுவர் தானாகக் கிழிவது. இதில் பாதிக்கப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். குழந்தை பெற்ற சில வாரங்களிலும் வரும். பச்சை உடம்புக்காரிக்குத் திடீரென நெஞ்சு வலித்தால், ‘சின்ன வயசு’ என்று சொல்லி ஈ.சி.ஜி.யைத் தவிர்க்கக் கூடாது.

மாடிப்படி ஏறும்போது அதே பிடிப்பு திரும்பத் திரும்ப வந்தால், நார்மல் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இதய மருத்துவரிடமே மறுபடி போய், சிறு நாளங்களில் கோளாறு இருக்குமா என்று நேரடியாகக் கேளுங்கள். அதற்கும் மாத்திரைகள் உண்டு.