'நான் ஈ' முதல் ராட்சத எறும்பு வரை: சினிமா காட்டும் பூச்சிகள் எவ்வளவு உண்மை?

ஹீரோவை ஆரம்பத்திலேயே வில்லன் கொன்றுவிடுகிறான். அதற்குப் பிறகு படம் முழுக்க அவனைத் தூங்க விடாமல் அலறவைப்பது ஒரு சாதாரண வீட்டு ஈ. 2012 ஜூலையில் ராஜமௌலி இயக்கத்தில் வெளியான 'நான் ஈ' படத்தின் கதை இவ்வளவுதான். அந்த ஈ ஒரு வசனம்கூட பேசாது. ஆனாலும் தியேட்டரில் அதற்கு விசில் பறந்தது. 'ஈகா' என்ற தெலுங்குப் பதிப்பு, சிறந்த தெலுங்குப் படம், சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் என இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றது.

பூச்சிகளை வைத்துப் படம் எடுப்பது புதிதல்ல. ஆனால், திரையில் பார்க்கும் பூச்சிக்கும் நம் வீட்டு ஜன்னலில் உட்காரும் பூச்சிக்கும் எவ்வளவு தூரம்?

எப்போது தொடங்கியது?

'நான் ஈ'க்கு சரியாக 100 ஆண்டுகளுக்கு முன்பே பூச்சிகள் திரைக்கு வந்துவிட்டன. விளாடிஸ்லாவ் ஸ்டாரெவிச் என்பவர் வண்டுகளின் சண்டையைப் படம்பிடிக்க நினைத்தார். இரவில் நடமாடும் அந்த வண்டுகளோ, விளக்கைப் போட்டதும் அசையாமல் நின்றுவிட்டன. உடனே அவர் வேறு வழியைப் பிடித்தார். இறந்த வண்டுகளின் கால்களில் கம்பியைப் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு ஃப்ரேமாகப் படம் எடுத்தார்.

அப்படி 1912-ல் வந்ததுதான் 'தி கேமராமேன்ஸ் ரிவெஞ்ச்'. கள்ளக்காதலில் சிக்கிய வண்டுத் தம்பதியின் கதை! உயிருள்ள பூச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து நடிக்க வைத்திருக்கிறார் என்றே அன்று பலர் நம்பினார்கள்.

'நான் ஈ'யில் எது நிஜம்?

மறுபிறவியும் பழிவாங்கலும் கற்பனை. ஆனால், அந்த ஈ கையாளும் ஆயுதங்கள் நிஜமானவை.

வீட்டு ஈ ஒரு விநாடிக்குச் சுமார் 200 முறை இறக்கையை அடிக்கும். காதருகே கேட்கும் 'ங்ங்' சத்தம் அதுதான். சுதீப்பின் தூக்கத்தைக் கெடுப்பதும் அதே சத்தம்தான். அடுத்து, எவ்வளவு வேகமாகக் கையை வீசினாலும் ஈ தப்பிவிடுகிறதே, ஏன்? நம் கண்ணைவிட ஈயின் கண் பல மடங்கு வேகமாகக் காட்சிகளைப் பிரித்துப் பார்க்கும். நாம் 'படார்' என்று அடிப்பது அதற்கு ஸ்லோ மோஷன் மாதிரி.

இன்னொன்று, வீட்டு ஈயால் கடிக்க முடியாது. உணவின் மேல் எச்சிலைவிட்டுக் கரைத்து உறிஞ்சத்தான் முடியும். அதனால் அந்த ஈ வில்லனைக் கடித்துக் கொல்வதாகக் காட்டாமல், சின்ன உடம்பால் என்ன செய்ய முடியுமோ அதை வைத்தே திட்டம் போடவைத்தது நல்ல முடிவு.

ராட்சத எறும்பு நிஜத்தில் வருமா?

வராது. 1954-ல் வெளியான 'தெம்!' என்ற ஹாலிவுட் படத்தில், அணுகுண்டு சோதனையின் கதிர்வீச்சால் மனிதனைவிடப் பெரிய எறும்புகள் உருவாகும். இதைத் தடுப்பது ராணுவம் அல்ல, கணக்கு.

5 மில்லிமீட்டர் எறும்பு, 2.5 மீட்டராக வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 500 மடங்கு கூடுகிறது. காலின் தடிமன் பரப்பு 2.5 லட்சம் மடங்கு கூடும். ஆனால், எடையோ 12.5 கோடி மடங்கு கூடிவிடும். அதாவது, காலின் ஒவ்வொரு துளி பரப்பும் முன்பைவிட 500 மடங்கு பாரம் தாங்க வேண்டும். எழுந்து நிற்பதற்குள் கால் ஒடிந்துவிடும்.

மூச்சும் பிரச்சினைதான். பூச்சிகளுக்கு நுரையீரல் கிடையாது. உடம்பில் உள்ள சின்னச் சின்னத் துளைகள், குழாய்கள் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்த ஏற்பாடு போதாது.

உழைக்கும் எறும்பு, ஆணா பெண்ணா?

1998-ல் வந்த 'ஆன்ட்ஸ்', 'எ பக்ஸ் லைஃப்' இரண்டிலும் ஹீரோ ஓர் ஆண் எறும்பு. 2007-ல் வந்த 'பீ மூவி'யில் தேன் எடுக்கப் பறப்பவை ஆண் தேனீக்கள். நிஜத்தில் கதையே வேறு. இரை தேடுவது, புற்றைக் காப்பது, தேன் சேகரிப்பது எல்லாமே பெண்கள்தான். ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. ராணியோடு இணைவதுதான் அதன் ஒரே வேலை.

'எந்திரன்' படத்தில் சனாவைக் கடித்த கொசுவை சிட்டி ரோபோ பிடித்து வந்து மன்னிப்புக் கேட்க வைக்குமே, அந்த விசாரணையிலும் ஆண் கொசுக்களைத் தாராளமாக விடுவித்துவிடலாம். முட்டை உருவாக்கத் தேவையான புரதத்துக்காக ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே.

சினிமாதானே, விடுங்க என்று சொல்ல முடியாதா?

ஒரு எல்லை வரை சொல்லலாம். ஆனால், பூச்சி என்றாலே ஒன்று பயம், இல்லாவிட்டால் அருவருப்பு என்பதுதான் பெரும்பாலான படங்கள் பழக்கிய பார்வை. பயப்படும் ஒன்றைக் காப்பாற்ற யாருக்கும் தோன்றாது. எது வந்தாலும் முதலில் ஸ்ப்ரேயைத்தான் கை தேடும்.

இதுவரை அடையாளம் காணப்பட்ட பூச்சி இனங்கள் சுமார் 10 லட்சம். அவற்றில் மனிதனுக்குத் தொல்லை தருபவை மிகச் சொற்பம். உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு, ஓரளவாவது பூச்சி போன்ற உயிர்கள் செய்யும் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன. இந்த நிலையில்தான், ஜெர்மனியின் 63 இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. 27 ஆண்டுகளில் அங்கே பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 சதவீதத்துக்கும் மேல் சரிந்திருந்தது. அதுவும், பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலேயே!

ஆண், பெண் கணக்கில் கோட்டைவிட்ட 'பீ மூவி' இந்த விஷயத்தில் மட்டும் சரியாகச் சொன்னது. தேனீக்கள் வேலையை நிறுத்தியதும் படத்தில் பூக்களெல்லாம் வாடிப்போகும்.

பூச்சிகளை உள்ளபடியே பார்க்க ஆசைப்படுபவர்கள் 1996-ல் வந்த 'மைக்ரோகாஸ்மாஸ்' என்ற பிரெஞ்சு ஆவணப்படத்தைத் தேடிப் பார்க்கலாம். அதில் ஒரு சாண வண்டு, தான் உருட்டிவந்த உருண்டை முள்ளில் சிக்கிக்கொள்ள, அதை எடுக்கப் போராடும். ஹீரோவும் இல்லை, வில்லனும் இல்லை. ஆனாலும் உருண்டை விடுபடும் வரை கண்ணை எடுக்க முடியாது.